பேரைச் சரியாகச் சொல்லுங்கள்

(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன மாதம் நம் குழந்தைகளின் விளையாட்டுப் போட்டியில் மைக் பிடித்தது நான்தான். அன்றிலிருந்து லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், "அண்ணாச்சி, நீங்க ரேடியோவுல வேலை பார்த்தீங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை. நான் பேங்க் கிளார்க். பி.காம். முடித்து, 38 வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவன். அங்கே நான் செய்த அறிவிப்பு "டோக்கன் நம்பர் நாப்பத்தி ரெண்டு" என்பதுதான். அதற்கும் மைக் கிடையாது, தொண்டைதான். இந்த மைக் ஆசை எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்று செயலாளர் சார் பேசச் சொன்னார். கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். பொங்கல் ஆறிவிடக்கூடாது.

எனக்கு அந்த ஆசை வந்தது எட்டு ஒன்பது வயதில். அப்போது எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா டிரான்சிஸ்டரைத் திண்ணையில் வைப்பார். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963லேயே வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவில் இலங்கை வானொலிக்குத்தான் மவுசு. நடுவில் மன்னார் வளைகுடாத் தண்ணீர் மட்டும்தானே! கொழும்பில் பேசுவது பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி கேட்கும். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது. இந்தப் பெயர்களைச் சொன்னதும் இங்கே அறுபது தாண்டியவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது, பாருங்கள்.

அதைவிடப் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கால்பந்துப் போட்டி நடக்கும் மைதானத்தில், ஓலைப் பந்தலுக்குக் கீழே, ரேடியோ செட்காரரின் மேசைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்திருப்பவர். குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டியிருப்பார்கள். கோல் போட்டது யார், உள்ளே வருவது யார், வெளியே போவது யார் என்று சொல்வார். நடுவிலே, "பச்சைச் சட்டை போட்ட நாலு வயசுப் பையன் மேடைப் பக்கம் அழுதுகொண்டு நிற்கிறான், பெற்றோர் வந்து கூட்டிச் செல்லவும்" என்பார். எனக்கு விளையாடுகிறவர்களைவிட அவர்தான் பெரிய ஆளாகத் தெரிந்தார். அவர் ஒரு பெயரைச் சொன்னால் அந்த மைதானமே அந்த ஆளைத் திரும்பிப் பார்க்கும்.

வீட்டுக்கு வந்ததும் தேங்காய்ச் சிரட்டையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நானும் ஆரம்பித்துவிடுவேன். "இதோ, அம்மா அம்மிக்கு வருகிறார். புளியை எடுக்கிறார். உப்பை மறந்துவிட்டார்." அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏலே, வாயை மூடிட்டு ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வா" என்பாள். என் முதல் நேயர் அவள்தான்.

இனி, இதுவரை என் வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது பள்ளி விளையாட்டு விழாவில் எனக்கு மைக் கிடைத்தது. குரல் கணீரென்று இருக்கிறது என்று கொடுத்தார்கள். காலையிலிருந்து தலைகால் புரியவில்லை எனக்கு. சாயங்காலம் 1500 மீட்டர் ஓட்டம். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் முன்னால் வருகிறார்கள். ஒருவன் என் கூட்டாளி. இன்னொருவன் வேறு வகுப்புப் பையன், உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. கயிற்றை யார் தொட்டது என்று நான் சரியாகப் பார்க்கவில்லை. நடுவர் சீட்டு எழுதிக் கொடுக்கும் வரைக்கும் பொறுத்திருக்கவும் இல்லை. என் கூட்டாளியின் பெயரை ஊருக்கே கேட்கிற மாதிரி முழக்கிவிட்டேன். கைதட்டல் பறந்தது. ஐந்து நிமிஷம் கழித்து வந்த சீட்டில் இன்னொருவன் பெயர் இருந்தது. நான் திருத்திச் சொன்னேன். ஆனால் அதற்குள் கூட்டம் கலைய ஆரம்பித்துவிட்டது. திருத்தத்தை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

கோப்பையும் சான்றிதழும் அவனுக்கே சரியாகப் போய்ச் சேர்ந்தன. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் அவன் என்னைத் தேடி வந்தான். சண்டைக்கு வரவில்லை. "எங்கம்மா சுவருக்கு வெளிய நின்னு கேட்டுட்டு இருந்தா. வேற பேரைச் சொன்னதும் கிளம்பிப் போயிட்டா. அவ கேக்கணும்னுதாம்ல ஓடுனேன்" என்றான்.

உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே பாத்திக்குப் போய்விடுவார்கள் என்பது இந்த ஊரில் உங்களுக்குத் தெரியும். அந்த அம்மா அப்படி வேலை பார்த்துவிட்டு, தூங்காமல் வந்து, உள்ளே வரக் கூச்சப்பட்டு வெளியிலேயே நின்றிருக்கிறாள். கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. என் குரலை நம்பித்தான் நின்றிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் மைக் பக்கம் போகவில்லை. கல்லூரியில் கூப்பிட்டார்கள், தொண்டை சரியில்லை என்றேன். பேங்க் வேலைக்கு வந்த பிறகு ஒருமுறை, வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, கையெழுத்தும் போட்டேன். தபாலில் சேர்க்கவில்லை. அந்தக் காகிதம் இன்றைக்கும் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று காரணம் கேட்டவர்களிடம் சொல்வேன். உண்மையான காரணம் அந்தச் சுவருக்கு வெளியே நின்ற அம்மா.

ஆனால் ஆசை போகவில்லை. போகவிடாமல் வைத்திருந்தவர் நம் பக்கத்துக்காரர் ஒருவர். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். வானொலி நாடக நடிகர், எழுத்தாளர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழில் கிரிக்கெட் நேர்முக வர்ணனை செய்தவர். 1986ல்தான் நம் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது, அதற்கு முன்னால் சாத்தான்குளமும் திருநெல்வேலி மாவட்டம்தான். சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும் நாட்களில் வானொலியில் தமிழ் வர்ணனை வரும். கிரிக்கெட்டைப் பற்றி ஆங்கிலத்தில்தான் பேச முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. மளிகைக் கடைக்காரரும் தோணியில் சரக்கு ஏற்றுகிறவரும் காதில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு, பட்டாபிராமன் வாசல் முனையிலிருந்து யார் பந்து வீசுகிறார், வாலாஜா சாலை முனையிலிருந்து யார் வீசுகிறார் என்று தெரிந்துவைத்திருப்பார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் சேப்பாக்கம் மைதானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

1988 பொங்கல் சமயம் மேற்கிந்தியத் தீவுகளோடு நடந்த டெஸ்ட். நரேந்திர ஹிர்வானி, 19 வயதுப் பையன், முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தார். 136 ஓட்டம்தான் கொடுத்தார். கிரண் மோரே அந்த ஆட்டத்தில் ஆறு பேரை ஸ்டம்பிங் செய்தார். ஸ்டம்பிங்கை ரேடியோவில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மட்டையாளர் இறங்கி வந்ததைச் சொல்ல வேண்டும், பந்து திரும்பியதைச் சொல்ல வேண்டும், அவர் தவறவிட்டதைச் சொல்ல வேண்டும், பெயில்ஸ் விழுந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வரிசை மாறினால் கேட்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. நான் கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். வர்ணனை என்பது அடுக்குமொழி இல்லை, பார்க்க முடியாதவனுக்குக் கண்ணைக் கடன் கொடுப்பது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஜப்பார் அவர்கள் 2019 டிசம்பரில் காலமானார். செய்தியைப் படித்த அன்று பீரோவைத் திறந்து அந்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன்.

இதற்கிடையில் பேங்க் கவுன்டரில் ஒரு காரியம் நடந்தது. 1990களில் ஒரு நாள். கூட்டம் அதிகம். டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிறேன், யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். வரவில்லை. சரி, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம் என்று சீட்டைப் பார்த்தேன். அவன் பெயர். அந்த 1500 மீட்டர்க்காரன். ஒரு நிமிஷம் வாய் வரவில்லை. பிறகு எழுந்து நின்று, அப்பா பெயரோடு சேர்த்து, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். பின்னாலிருந்து வந்தான். தலை நரைத்திருந்தது. தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "இப்பச் சரியாச் சொல்லிட்டியே" என்று சிரித்தான். "அம்மா?" என்றேன். "அவ போயி ஆறு வருஷம் ஆச்சு" என்றான்.

அன்றிலிருந்து, முடிந்தவரை டோக்கன் நம்பரோடு பெயரையும் சேர்த்தே கூப்பிட ஆரம்பித்தேன். நம் ஊரில் அது லேசான வேலை இல்லை. 1530களில் போர்ச்சுகீசியர்கள் முத்துக்குளித்துறைக்கு வந்த காலத்திலிருந்து இங்கே பர்னாந்து, மச்சாது, மிராண்டா, ரோச், மோத்தா என்று குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. பாஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதியிருக்கும், வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள். இன்னொரு பக்கம் சுடலைமுத்து, சங்கரலிங்கம், செய்யது முகமது. ஒவ்வொருவரிடமும், "உங்க வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்பேன். பென்ஷன் வாங்க வரும் பாட்டிமார்களுக்கு அதிலே ஒரு சந்தோஷம். நம்பர் சொன்னால் கேட்காத காது, பெயர் சொன்னால் கேட்டுவிடும்.

ரிட்டயர் ஆன பிறகு இணையத்தில் தேடியபோது ஒரு மனிதரைப் பற்றிப் படித்தேன். பாப் ஷெப்பர்ட். நியூயார்க்கில் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் மைதானத்தில் 1951லிருந்து 2007 வரை அறிவிப்பாளராக இருந்தவர். தொழில் என்ன தெரியுமா? வாத்தியார். மாணவர்களுக்குப் பேச்சுக்கலை சொல்லிக் கொடுத்துக்கொண்டே, ஆட்டம் உள்ள நாட்களில் மைதானத்தில் மைக் பிடித்தவர். புதிதாக ஒரு ஆட்டக்காரர் வந்தால், உங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அறிவிப்பாராம். கத்த மாட்டார், ஜோக் அடிக்க மாட்டார். ஆட்டக்காரரின் எண், பெயர், மறுபடியும் எண். அவ்வளவுதான். டெரெக் ஜீட்டர் என்ற பெரிய ஆட்டக்காரர், ஷெப்பர்ட் ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய பதிவு செய்த குரலில்தான் தன் பெயரை அறிவிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். 2010ல் ஷெப்பர்ட் 99 வயதில் இறந்தார். அதற்குப் பிறகும் 2014 வரை, ஜீட்டர் ஆடிய காலம் முழுக்க, சொந்த மைதானத்தில் அந்தக் குரல் ஒலித்தது. ஒரு மனிதன் தன் பெயரை ஒருவர் வாயால் கேட்க அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறான்!

படித்து முடித்ததும், சரி, இனி யாருக்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றியது. 62 வயதில் ஆரம்பித்தேன். முதலில் மொட்டைமாடியில் தினமும் அரை மணி நேரம் பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். பி பிளாக்கிலிருந்து புகார் வந்தது நினைவிருக்கும். மன்னிக்கவும். கோவில்பட்டியில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்குப் போய், கேலரியில் நோட்டோடு உட்கார்ந்து, வடக்கேயிருந்து வரும் ஆட்டக்காரர்களின் பெயர்களை அறிவிப்பாளர் எப்படிச் சமாளிக்கிறார் என்று கவனித்தேன். பிறகு நம் தருவை மைதானத்தில் பையன்கள் நடத்திய ஒரு சின்னக் கால்பந்துப் போட்டியில், "தாத்தா, ஆள் வரல, நீங்க பேசுறீங்களா?" என்று கேட்டார்கள். முதல் நாள் உள்ளங்கை வியர்த்து மைக் வழுக்கியது. முதல் கோல் விழுந்தபோது வாயே திறக்கவில்லை. ரேடியோ செட் தம்பி, "தாத்தா, ஸ்விட்ச் ஆன்லதான் இருக்கு" என்றான்.

இந்த மூன்று வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மைக் பிடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். இரண்டு அணியிடமும் போய் ஒவ்வொரு பெயரையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி, கேட்டபடியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். மைதானத்தில் எப்போதும் யாராவது புதிதாக வந்துகொண்டிருப்பார்கள், அதனால் ஸ்கோரை அடிக்கடி சொல்லுங்கள். ஆட்டம் சூடாக இருக்கும்போது பேசாதீர்கள், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு செய்தவன் பெயரை மைக்கில் சொல்லிச் சிரிக்காதீர்கள். கடைசியாக, நடுவர் கையெழுத்துப் போட்ட சீட்டு கைக்கு வரும்வரை முடிவை அறிவிக்காதீர்கள். எவ்வளவு பேர் அவசரப்படுத்தினாலும் சரி.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதப் போட்டிக்கு என்னிடம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். "ஏ 102, பி 204, சி 310" என்று எண்ணாகவே இருந்தது. தப்பு யாருடையதும் இல்லை, படிவத்தில் அந்தக் கட்டம்தான் இருந்தது. இதையா மைக்கில் படிப்பது, மறுபடியும் டோக்கன் நம்பரா என்று நினைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு குழந்தைகளிடமே போய்ப் பெயர் கேட்டேன். அப்போது ஒரு பெண் குழந்தை, "எனக்கு வீட்டு நம்பர் இல்லையே, நானும் ஓடலாமா தாத்தா?" என்று கேட்டது. நம் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் தம்பியின் மகள். செயலாளரிடம் கேட்டேன். யோசிக்காமல், "தாராளமா ஓடட்டும்" என்றார். அதற்காக இந்த மேடையில் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

100 மீட்டரில் அந்தக் குழந்தை இரண்டாவதாக வந்தது. முதலாவதாக வந்தது நம் சி பிளாக் பையன். நான் சீட்டுக்காகக் காத்திருந்தேன். "சீக்கிரம் சொல்லுங்க சார்" என்று நாலு பேர் சொன்னார்கள். சீட்டு வந்தது. மூன்று பேர் பெயரையும் அப்பா அம்மா பெயரோடு சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். வாட்ச்மேன் தம்பிக்கு அன்று டூட்டி. கேட்டை விட்டு வர முடியாது. அங்கிருந்து மைதானம் தெரியாது, நடுவில் கார் ஷெட் மறைக்கிறது. ஆனால் ஸ்பீக்கர் கேட்கும். சாயங்காலம் நான் பால் வாங்கப் போகும்போது அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "கேட்டுச்சு சார்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ராத்திரி எனக்கு நல்ல தூக்கம். அந்த உப்பளத்து அம்மாவுக்கு நான் பட்ட கடன் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். பேங்கில் இருந்தவன், ஒருவர் கணக்கில் வர வேண்டியதை இன்னொருவர் கணக்கில் போட்டுத் தீர்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சிரட்டையை வாயில் வைத்துக்கொண்டு பேசிய அந்தப் பையன் எதற்காக ஆசைப்பட்டானோ, அது 64 வயதில் கிடைத்துவிட்டது.

உங்களிடம் இரண்டே கோரிக்கை. அடுத்த வருஷப் படிவத்தில் வீட்டு எண்ணுக்கு முன்னால் பெயருக்கு ஒரு கட்டம் வையுங்கள். நம் குடியிருப்பில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தப் படிவத்தைக் கொடுங்கள். படிக்கட்டு பெருக்கும் அம்மா பெயர் என்ன, தண்ணீர் மோட்டார் போடும் தம்பி பெயர் என்ன என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே போன மாதம்தான் தெரியும். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் தருகிறேன். அவர்களையே கேட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, மைக் பிடிக்க ஆசையுள்ள பிள்ளைகள், பெரியவர்கள், பாட்டிமார்கள் உட்பட யாராக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டைமாடிக்கு வாருங்கள். பி பிளாக்காரர்கள் மறுபடியும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிரட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம்.